சும்மாடும் சுமைதாங்கியும்

பழைய வழித்தடங்களின் ஓரத்தில் மூன்று கற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நெட்டுக்குத்தாக, அவற்றின் மேல் ஒன்று படுக்கையாக. கதவில்லாத வாசற்கால் போலத் தெரியும். அதுதான் சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டுவைப்பது. அவள் இறக்கிவைக்காமலே போன சுமையை, வழியில் போகிறவர்களாவது இறக்கிவைக்கட்டும் என்பது நம்பிக்கை.

அந்தக் கல்லின் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமையோடு வருகிறவர் அதன் அருகே போய் நின்றால் குனிய வேண்டியதில்லை. தரைக்கு இறக்கிவிட ஆள் தேட வேண்டியதில்லை. முழங்காலைக் கொஞ்சம் மடக்கிச் சாய்த்தால் மூட்டை கல்லுக்கு மாறிவிடும். இளைப்பாறிய பிறகு அதே போலத் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். நடக்கும்போது தாங்குகிற கழுத்து, ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் முறுக்கிக்கொள்கிறது என்பது அதை நட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கழுத்து வலியைப் பற்றிய இந்த அத்தியாயத்தை அந்தக் கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

தலைச்சுமை இன்னும் ஓயாத ஓர் ஊரைப் பாருங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடக்கனந்தல், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்தில் கோமுகி அணை. சுற்றிலும் நெல், கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம். ஒட்டியிருக்கும் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. மேலே மலையில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகை நடந்தது. சாலைகள் வெகு தாமதமாகவே ஏறின. அதனால் கடுக்காயும் புளியும் தேனும் விறகும் நெடுங்காலம் மனிதத் தலைகளின் மேல்தான் மலையிறங்கின. இன்று லாரி வந்துவிட்டது. ஆனால் கரும்புக் கட்டு தோட்டத்திலிருந்து லாரிக்கு, பலகை மேல் ஏறி, இன்னமும் தலையில்தான் போகிறது. புல்லுக்கட்டும் குடமும் அப்படியே.

இப்படிப்பட்ட ஊர்களில் கழுத்து வலிக்காரர்கள் பேசும் மொழி தனியானது. "பிடரி கனக்குது." "தோள்பட்டையில கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு." "ராத்திரியில கை மரத்துப் போகுது." கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று: "எலும்பு தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க." முதல் மூன்றும் நோயாளி தன் உடம்பில் உணர்ந்தவை. நான்காவது பிறர் சொன்னது. அந்த நான்காவது வாக்கியம்தான் பலரை வலியைவிட அதிகமாக முடக்குகிறது.

முதலில் கழுத்து எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்குபவை ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழுதான், எலிக்கும் ஏழுதான். மேலே உள்ள முதல் இரண்டும் தனி அமைப்பு: முதலாவது ஒரு வளையம், இரண்டாவதில் ஒரு முளை. திரிகையின் மேல்கல் நடுமுளையைச் சுற்றுவதுபோல வளையம் முளையைச் சுற்றித் திரும்புகிறது. பின்னால் யார் கூப்பிடுகிறார்கள் என்று நாம் தலையைத் திருப்பும் அசைவில் பாதி இந்த ஒரே இடத்தில் நடக்கிறது. அதற்குக் கீழே எலும்புக்கு எலும்பு நடுவில் மெத்தை போன்ற வட்டு. நம் ஊரில் 'ஜவ்வு' என்றும் 'டிஸ்க்' என்றும் சொல்வது இதைத்தான். இருபுறமும் எட்டு இணை நரம்புகள் வெளியே வந்து கழுத்துக்கும் தோளுக்கும் கைக்கும் போகின்றன. இத்தனையையும் கட்டி நிறுத்துபவை தசைகள்.

தலையின் எடை கழுத்தெலும்புகளின் மேல் நேராக உட்காரவில்லை, சற்று முன்னே தள்ளியிருக்கிறது. பேருந்தில் தூங்குகிறவரின் தலை பின்னால் போகாமல் முன்னால் தொங்குவது அதனால்தான். விழித்திருக்கும் நேரம் முழுவதும் பிடரித் தசைகள் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. தலையைக் குனியக் குனிய அந்த இழுவை கூடும். செல்போன் பார்க்க 60 பாகை குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014-ல் வெளியிட்ட கணக்கு. கணினியில் போட்ட மாதிரிக் கணக்கு. எந்த மனிதரின் கழுத்திலும் அளந்து பார்த்ததல்ல. குனிந்தால் பாரம் கூடும் என்பது உண்மை. பாரம் கூடினாலே கழுத்து கெட்டுவிடும் என்பது உண்மையல்ல. அப்படியானால் நாற்று நடுகிற ஒவ்வொருவருக்கும் முப்பது வயதில் கழுத்து முடிந்திருக்க வேண்டும்.

தலைச்சுமையை அறிவியல் நெருங்கிப் பார்த்திருக்கிறது. 1986-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு கென்யாவின் லுவோ, கிகூயு இனப் பெண்களைப் பற்றியது. லுவோ பெண்கள் நம்மைப் போலத் தலையில் வைப்பவர்கள். கிகூயு பெண்கள் நெற்றியில் வார் மாட்டி முதுகில் சுமப்பவர்கள். தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கும்போது, வெறுங்கையோடு நடப்பதற்கு ஆகும் ஆக்சிஜனைவிட அவர்கள் கூடுதலாக எதுவும் செலவழிக்கவில்லை. சிறு வயதிலிருந்து சுமந்து பழகிய நடை அவர்களுக்கு அந்தச் சிக்கனத்தைக் கொடுத்திருந்தது. 2010-ல் தென்னாப்பிரிக்காவின் ஹோசா இனப் பெண்களிடம் செய்த ஆய்வில் அந்தச் சிக்கனம் அவ்வளவாகத் தென்படவில்லை. அந்தப் பெண்கள் தலைச்சுமையின் பெருங்குறையாகச் சொன்னது கழுத்து வலியை.

ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அது 9 கிலோ. ஒரு குடம் தண்ணீர் 12 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலே எல்லை தாண்டிவிட்டது. ஈரப் புல்லுக்கட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கரும்புக் கட்டு சுமக்கும் ஆளுக்கு அந்த எல்லை முதல் நடையிலேயே பின்னால் போய்விடுகிறது.

சும்மாடு இங்கேதான் உதவுகிறது. பழைய துண்டையோ வைக்கோலையோ வட்டமாகச் சுற்றி உச்சந்தலையில் வைப்பது சுமை உருளாமல் இருப்பதற்கு மட்டுமல்ல. ஒரு புள்ளியில் இறங்கும் எடையை அது பரப்பிவிடுகிறது. சுமையின் நடுவைக் கழுத்தெலும்புகளின் நேர்கோட்டுக்குக் கொண்டுவர உதவுகிறது. சுமையோடு நடக்கும் பெண்ணின் முகம் நேராக இருக்கும், கண் தூரத்தில் இருக்கும். குனிந்தால் குடம் விழும். நிமிர்ந்த கழுத்து நிறைய தாங்கும் என்பதை அந்த நடையில் பார்க்கலாம். ஆனால் தாங்குவதற்கு ஒரு விலையும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 35 தலைச்சுமைக்காரர்களையும் சுமக்காத 35 பேரையும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து 1997-ல் வெளியிட்டார்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் சுமப்பவர்களில் 31 பேருக்கு, சுமக்காதவர்களில் 8 பேருக்கு.

தேய்மானம் தெரிகிறதே, அப்படியானால் வலியும் அதனால்தானே என்று உடனே கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லும் ஒரு பெரிய ஆய்வு ஜப்பானில் நடந்தது. கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2015-ல் வெளியான முடிவு: அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்த இளைஞர்களிலேயே பத்துக்கு ஏழு பேருக்கு மேல். இவர்கள் யாருக்கும் வலி இல்லை. தலைமுடி நரைப்பது போல, தோல் சுருங்குவது போல, ஜவ்வும் வயதோடு உலர்கிறது, பிதுங்குகிறது. எலும்பின் ஓரத்தில் முள் வளர்கிறது. மருத்துவத்தில் இதன் பெயர் ஸ்பாண்டிலோசிஸ். நம் ஊரில் அதை 'ஸ்பாண்டிலைட்டிஸ்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது அழற்சியால் வரும் வேறொரு நோயின் பெயர். அதற்குச் சிகிச்சையும் வேறு.

"எலும்பு தேஞ்சு போச்சு" என்று கேட்டவர் என்ன செய்கிறார்? கழுத்தைத் திருப்பப் பயப்படுகிறார். குடம் தூக்குவதை நிறுத்துகிறார். கழுத்துப் பட்டை வாங்கி மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார். பட்டைக்குள் கிடக்கும் தசை வேலையில்லாமல் மெலிகிறது. மெலிந்த தசை சின்ன வேலைக்கே வலிக்கிறது. வலித்தவுடன் தேய்மானம் அதிகமாகிவிட்டது என்று இன்னும் பயப்படுகிறார். எக்ஸ்-ரே பார்த்துச் சொல்பவர்கள் அந்த ஒரு வாக்கியத்தோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்: "உங்க வயசுல வலி இல்லாதவங்களுக்கும் எலும்பு இப்படித்தான் இருக்கும்." ஒரு நிமிடம்கூட ஆகாது.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தசையிலும், எலும்புகளின் பின்புறம் இருக்கும் சிறு மூட்டுகளிலும். ஒரே நிலையில் நீண்ட நேரம் இருப்பது, திடீரென்று கூடும் வேலை, தூக்கக் குறைவு, மனக்கவலை இவை சேரும்போது வருகிறது. கரும்பு வெட்டுப் பருவத்தின் முதல் வாரத்தில் வரும் வலிக்கும், பரீட்சை மாதத்தில் மாணவிக்கு வரும் வலிக்கும் அடிப்படை ஒன்றுதான். கடன் கெடு நெருங்கும் நாளில் பிடரி இறுகுவதும் கற்பனையல்ல. கவலையில் தோள் தானாக ஏறிக்கொள்கிறது. ஏறிய தோளை நாம் இறக்க மறந்துவிடுகிறோம்.

நரம்பு நசுங்கினால் வலி வேறு மாதிரி இருக்கும். கழுத்தில் தொடங்கி, தோள் வழியாக முழங்கை தாண்டி விரல் வரை மின்சாரம் போல ஓடும். சில விரல்கள் மட்டும் மரக்கும். இந்த வலிக்காரர்கள் பலர் யாரும் சொல்லித்தராமலே கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படி வைத்தால் நரம்பின் இழுவை தளர்கிறது, வலி குறைகிறது. மருத்துவர்கள் இதை ஓர் அடையாளமாகவே வைத்திருக்கிறார்கள். பயமுறுத்தும் வலிதான், ஆனாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலே தணிந்துவிடுகிறது.

கழுத்து வலி என்று வருபவர்களில் சிலருக்குக் கோளாறு கழுத்தில் இருக்காது. கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை, ரவிக்கைக்குப் பின்னால் கொக்கி மாட்ட முடியவில்லை என்றால் அது தோள் மூட்டு இறுக்கம்; சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இரவில் மரத்து, கையை உதறினால் சரியானால், நரம்பு மணிக்கட்டில் நசுங்குகிறது. நடக்கும்போதோ மேடு ஏறும்போதோ மட்டும் கழுத்தும் தாடையும் இடது தோளும் அழுத்தினால், வியர்த்தால், அது இதயம். தைலம் தடவிக்கொண்டு உட்காராமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இனி என்ன செய்வது. இந்தப் பகுதியில் காளை வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழக்காத காளையை யாராவது முதல் நாளே பாரவண்டியில் பூட்டுவார்களா? முதலில் வெறும் நுகத்தடி. பிறகு காலி வண்டி. பிறகு அரைப்பாரம். கழுத்தில் புண் வந்தால் சில நாள் அவிழ்த்துவிடுவார்கள். ஆனால் மாதக்கணக்கில் தொழுவத்திலேயே கட்டிப்போட மாட்டார்கள், பழக்கம் விட்டுப்போகும் என்று. மனிதக் கழுத்துக்கும் இதேதான் வைத்தியம். வலி கடுமையாக உள்ள ஓரிரு நாள் சுமையைக் குறைக்கலாம், ஒத்தடம் கொடுக்கலாம். அதற்குப் பிறகு அசைவு வேண்டும். வலிக்கிற எல்லை வரை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். காதைத் தோள் பக்கம் சாயுங்கள். தோளைத் தூக்கி இறக்குங்கள். வலி குறையக் குறையப் பாரத்தைக் கூட்டுங்கள்.

பிடரித் தசையை எல்லாருக்கும் தெரியும். கழுத்தின் முன்பக்கம், எலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் தசைகளை யாருக்கும் தெரியாது. கழுத்து வலிக்காரர்களுக்கு இவை மந்தமாகிவிடுவதை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் குவென் ஜுல் என்ற இயன்முறை மருத்துவரும் அவர் குழுவும் காட்டினார்கள். இவற்றை எழுப்பும் பயிற்சிக்குப் பாய் ஒன்று போதும். மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்று மெல்லத் தலையாட்டுவது போல மோவாயை உள்ளே இழுத்துப் பத்து விநாடி வைத்திருந்து விடுங்கள். பத்து முறை. சுலபமாகத் தெரியும், சரியாகச் செய்தால் ஐந்தாவது முறையிலேயே தசை நடுங்கும்.

"இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு பதில் உண்டு. அங்கே கழுத்து, தோள் வலியோடு வேலை பார்த்த 198 அலுவலக ஊழியர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ரப்பர் குழாயைக் கையில் பிடித்துத் தோளைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சி, நாளைக்கு 2 நிமிடம். இன்னொரு பிரிவுக்கு அதே பயிற்சி 12 நிமிடம். மூன்றாவது பிரிவுக்குப் பயிற்சி இல்லை. வாரம் ஐந்து நாள் வீதம் பத்து வாரம் கழித்துப் பார்த்தால், 2 நிமிடக்காரர்களுக்கும் வலி தெளிவாகக் குறைந்திருந்தது. ஆய்வு 2011-ல் வெளியானது. ரப்பர் குழாய் இல்லையென்றால் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் போதும்.

தலையணை பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் அகலத்தை நிரப்பும் உயரம், மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடக் குறைவு. காலையில் எழும்போது கழுத்து இதமாக இருந்தால் அதுவே சரியான தலையணை. விலை உயர்ந்தது வேண்டியதில்லை.

சுளுக்கு வழிப்பது இங்கே இன்னும் உண்டு. இரட்டைப் பிள்ளை பெற்றவர் வழித்தால் போகும் என்பார்கள். எண்ணெய் தொட்டு மெதுவாக வழிப்பதில் கெடுதல் இல்லை. இறுகிய தசை தளரும், தொடுகையும் ஆறுதல். ஆனால் முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்து 'சடக்' என்று திருப்புவதை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். கழுத்தெலும்புகளின் ஓரத் துளைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. அந்தத் திருப்பலில் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் அரை விநாடிச் சத்தத்துக்காக அந்த அபாயத்தை ஏற்க வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரையும் அப்படித்தான்: வயிற்றில் புண்ணாக்கும், ரத்தக் கொதிப்பை ஏற்றும், சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சில வலிகளுக்குப் பயிற்சி தேடிக்கொண்டிருக்கக் கூடாது. சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை, கையிலிருந்து பொருள் நழுவுகிறது, நடக்கும்போது கால் பின்னுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் தண்டுவடமே நசுங்குகிறது. இது பல நேரம் வலியில்லாமலே வரும். வயதானவர்கள் தள்ளாமை என்று நினைத்துச் சொல்லாமலே இருந்துவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். தாமதித்தால் போன பலம் முழுதாகத் திரும்பாது. மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த பிறகு வந்த கழுத்து வலிக்கு, தலையை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு இவற்றோடு படுத்தாலும் தணியாத வலி இருந்தால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் இதை மறந்துவிட முடியாது. அரசு மருத்துவமனையில் அதற்கு மருந்து இலவசம், உரிய காலத்தில் தொடங்கினால் குணமும் ஆகிறது.

வடக்கனந்தல்காரர்களுக்கு இதற்கெல்லாம் சேலத்துக்கோ சென்னைக்கோ ஓட வேண்டிய காலம் மாறிவிட்டது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும் சேவைகளில் ஒன்று. கிராமத்துக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் சர்க்கரை மாத்திரை வாங்கும்போது கழுத்தைப் பற்றியும் சொல்லுங்கள். கேட்டால்தான் தெரியும்.

2020-ல் உலகில் ஏறத்தாழ 20 கோடிப் பேர் கழுத்து வலியோடு இருந்தார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். அந்தக் கணக்கில் நம் ஊரில் புல்லுக்கட்டு சுமக்கும் அம்மா தனியாகத் தெரியமாட்டார். அவருக்குப் பயிற்சி சொல்லித்தருவது அவசியம்தான். ஆனால் வீட்டுக்குள் குழாய் வந்தால் குடம் இறங்கும், தோட்டத்துக்குத் தள்ளுவண்டி வந்தால் கட்டு இறங்கும். கழுத்துக்கு இவற்றைவிடச் சிறந்த மருந்தை நான் அறியேன். அதுவரை சுமையை இரண்டு நடையாகப் பிரித்துக் கொண்டுபோகலாம். சும்மாடு இல்லாமல் எதையும் தலையில் ஏற்ற வேண்டாம். பழைய சுமைதாங்கி உங்கள் ஊரில் எங்காவது சாய்ந்து கிடந்தால், சாலை அகலப்படுத்தும்போது பெயர்த்து எறிந்துவிடாமல் நிமிர்த்தி வையுங்கள். கல் இல்லாத இடத்தில் யாராவது தலைச்சுமையோடு நின்று, "ஒரு கை புடிங்க" என்று கூப்பிட்டால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் போய் இறக்கிவிடுங்கள்.